உள்ளரங்கக் கால்பந்து அணிக்குப் புதிய கூட்டத்தைச் சேர்ப்பது எப்படி?

குளிர்காலக் கோல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்கில் நடுத்தரமான ஒரு நகரத்தில் வசிக்கிறேன். இங்கே தொழில்முறை உள்ளரங்கக் கால்பந்து அணி ஒன்று இருக்கிறது. அணியின் பெயரைப் பொதுவெளியில் சொல்ல வேண்டாம் என்று அதன் நிர்வாகி கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: ஐஸ் ஹாக்கி தளத்தின்மேல் செயற்கைப் புல்லை விரித்துவிடுவார்கள். சுற்றிலும் பலகையும் கண்ணாடியும் நிற்கும். கோல்கீப்பரையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். பந்து பலகையில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காமல் தொடரும். பதினைந்து நிமிடங்களாக நான்கு பகுதிகள். தவறு செய்த ஆட்டக்காரர் இரண்டு நிமிடம் பெட்டிக்குள் போய் உட்கார வேண்டும். அதுவரை எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல்.

என் மகள் அந்த அணியின் சிறுவர் பயிற்சிக்குப் போகிறாள். அந்தப் பழக்கத்தில் நிர்வாகி ஒருநாள் என்னிடம், "உங்கள் இந்திய மக்களை அரங்குக்கு எப்படி வரவழைப்பது?" என்று கேட்டார். எனக்கு அவருடைய கேள்வியே குறுகலாகத் தோன்றியது. இப்போது வருகிறவர்கள் மூன்றே வகை: பயிற்சிக்கு வரும் குழந்தைகளின் பெற்றோர், எண்பதுகளில் பார்த்துப் பழகிய முதியவர்கள், எங்கிருந்தோ இலவச டிக்கெட் கிடைத்தவர்கள். அரங்கில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. இந்த மூன்று வட்டங்களுக்கு வெளியே இருப்பவர்களை எப்படிச் சேர்ப்பது? விளையாட்டு வணிகம் தெரிந்தவர்களும் பார்த்துப் பழகியவர்களும் சொல்லுங்கள்.

ஆறாவது ஆள் எழுதியது:

அண்ணா, பதில் கண்ணெதிரே இருக்கிறது: கிங்ஸ் லீக். ஸ்பெயின் அணியின் முன்னாள் ஆட்டக்காரர் ஜெரார்ட் பிக்கே தொடங்கினார். 2023 ஜனவரியில் பார்சிலோனாவில் ஒரு கூடாரம் மாதிரியான அரங்கில், பக்கத்துக்கு ஏழு பேருடன் ஆரம்பித்தது. மார்ச் மாதம் இறுதிக்கட்டத்தைப் பார்சிலோனா அணியின் பெரிய மைதானமான கேம்ப் நோவில் வைத்தபோது 92,522 பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். தொடங்கி மூன்றே மாதம்! அணித் தலைவர்களாக இணைய நேரலையில் பெயர்பெற்ற இபாய் யானோஸ் போன்றவர்கள், கூடவே முன்னாள் கால்பந்து நட்சத்திரங்கள் அகுவேரோ, காசியாஸ். முகமூடி அணிந்த ஆட்டக்காரர் ஒருவரை இறக்கிவிட்டு, யார் அவர் என்று ஸ்பெயினையே மண்டையைக் குடைய வைத்தார்கள். ஆட்டத்தின் நடுவே இரகசியச் சீட்டு எடுத்துப் பெனால்டி வாங்குவது, பகடை உருட்டி எத்தனை பேர் ஆடுவது என்று முடிவு செய்வது என ஒவ்வொன்றும் கைபேசியில் முப்பது விநாடிக் காணொளியாக வெட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை.

ஜெர்மனியில் அந்நாட்டுத் தேசிய அணிக்கு ஆடிய ஹும்மல்ஸும் பொடோல்ஸ்கியும் சேர்ந்த பாலர் லீக், 2024இல் உள்ளரங்கில் பக்கத்துக்கு ஆறு பேருடன் தொடங்கியது. 2025இல் அது லண்டனுக்கு வந்தபோது முன்னாள் இங்கிலாந்து நட்சத்திரங்கள் லினேகர், ஷியரர், இணையப் பிரபலம் கேஎஸ்ஐ என்று ஆட்களைச் சேர்த்தார்கள். அமெரிக்க உள்ளரங்கக் கால்பந்துக்காரர்கள் ஏறத்தாழ இதே ஆட்டத்தை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் வைத்திருக்கிறார்கள். விற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பழைய செய்தித்தாள் எழுதியது:

தம்பி ஆறாவது ஆள், "விற்கத் தெரியவில்லை" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். விற்பனையில் இவர்கள் உங்கள் பிக்கேவுக்குப் பாட்டன்மார்.

1974 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில், மாஸ்கோவின் செஞ்சேனை அணியுடன் பிலடெல்பியா ஆட்டம்ஸ் ஒரு காட்சிப் போட்டி ஆடியது. பனிப்போர்க் காலம். 11,790 பேர் வந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எட் டெப்பர் என்பவர், ஏர்ல் ஃபோர்மனுடன் சேர்ந்து மேஜர் இன்டோர் சாக்கர் லீக்கைத் தொடங்கினார். முதல் ஆட்டம் 1978 டிசம்பரில், நியூயார்க்கின் நாசோ கலிசியத்தில். பந்து சிவப்பு நிறம். பின்வரிசையிலிருப்பவருக்கும் தெரிய வேண்டும், நாளேட்டில் படம் வந்தால் இது வேறு ஆட்டம் என்று உடனே புலப்பட வேண்டும். முதல் பந்தை உதைத்துத் தொடங்கிவைத்தவர் பேஸ்பால் நட்சத்திரம் பீட் ரோஸ். சின்சினாட்டி அணியின் பங்குதாரர்களில் ஒருவர். அமெரிக்காவில் அன்று அவரை அறியாத ஆள் கிடையாது.

அந்தச் சின்சினாட்டி அணி ஒரே பருவத்தில் மூடப்பட்டது. பிரபலத்தின் பெயர் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இப்போது எங்கள் செயின்ட் லூயிஸ். நான் இந்த ஊருக்கு வந்தபோது அந்த லீக்கில் ஆடிய ஸ்டீமர்ஸ் அணி மூடப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அலுவலகத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் அந்த அணியைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 17,000 பேருக்கு மேல் வந்த பருவம் உண்டு. அதே அரங்கில் ஆடிய ஐஸ் ஹாக்கி அணியான புளூஸைவிட இவர்களுக்குக் கூட்டம் அதிகம். ஏன்? இந்த ஊரில் கத்தோலிக்கப் பங்குக் கோவில்களும் பள்ளிகளும் தலைமுறை தலைமுறையாகப் பையன்களைக் கால்பந்து ஆட வைத்தவை. 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்திய அமெரிக்க அணியில் ஐந்து பேர் இந்த ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருவரான ஹாரி கியோவின் மகன் டை கியோ ஸ்டீமர்ஸ் அணியில் ஆடினார். அரங்கில் உட்கார்ந்திருப்பவர், "இவனுடைய அப்பாவோடு என் மாமா ஆடியிருக்கிறார்" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம். எந்த விளம்பர நிறுவனத்தாலும் உண்டாக்கித் தர முடியாத சரக்கு அது.

சனிக்கிழமை அம்மா எழுதியது:

பால்டிமோர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கால்பந்து தெரிந்தவர் யாருமில்லை. என் கணவர் இன்றும் ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்பார். (இந்த ஆட்டத்தில் அது இல்லை என்பது அவருக்குப் பெரிய நிம்மதி.) ஆனாலும் குளிர்காலத்தில் இங்குள்ள உள்ளரங்க அணியான பிளாஸ்டின் ஆட்டங்களுக்குப் போகிறோம். காரணங்களை வரிசையாகச் சொல்லட்டுமா? வெளியே பனி, உள்ளே கதகதப்பு. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது, அதனால் சின்னவன் தூங்கிவிழும் முன் வீடு திரும்பிவிடலாம். கழிப்பறை பக்கத்தில். நான்கு பேர் போய்வர ஆகும் செலவில் கூடைப்பந்து ஆட்டத்துக்கு ஒருவர் போவதே சிரமம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், ஆட்டம் முடிந்ததும் நடப்பது. ஆட்டக்காரர்கள் வியர்வையோடு வந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். மூத்தவன் முதல்முறை போனபோது ஆட்டம் முழுக்கத் தின்பண்டத்திலேயே கவனமாக இருந்தான். கடைசியில் ஒரு கோல்கீப்பர் குனிந்து அவன் பெயரைக் கேட்டு, கையுறையை அவன் கையில் மாட்டிவிட்டார். அன்று இரவிலிருந்து அடுத்த ஆட்டம் எப்போது என்று நச்சரிப்பு.

குளிர்காலக் கோல் அவர்களே, சனிக்கிழமை மாலை எங்கே போவது என்பதை வீட்டில் யார் முடிவு செய்கிறார் என்று உங்கள் நிர்வாகியைக் கேளுங்கள். அவருடைய சுவரொட்டியில் இருப்பது முறைத்துப் பார்க்கும் ஆறு ஆண்கள் என்று நினைக்கிறேன். அதை யாருக்காக அச்சடித்தார்?

கண்ணாடித் தடுப்பு எழுதியது:

மன்னிக்கவும், கொஞ்சம் கசப்பாகச் சொல்லப்போகிறேன். சரக்கே சரியில்லாதபோது சந்தைப்படுத்தலைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு? பெரிய மைதானக் கால்பந்தின் அழகே இடைவெளிதான். அதை ஒரு பெட்டிக்குள் அடைத்துச் சுவரில் மோதவிட்டுப் பத்துக் கோல் போடுவது கேளிக்கை, விளையாட்டு அல்ல. 1996இல் மேஜர் லீக் சாக்கர் வந்தபிறகு அமெரிக்கர்களுக்கு உண்மையான கால்பந்து கிடைத்துவிட்டது. உள்ளரங்க ஆட்டம் அந்த வெற்றிடத்தை அடைக்க வந்த பதிலி மட்டுமே. அதன் காலம் முடிந்தது.

பழைய செய்தித்தாள் எழுதியது:

ஆண்டுக் கணக்கைப் பாருங்கள், நண்பரே. பெரிய மைதான லீக்கான நாஸல் 1984 பருவத்தோடு மூடப்பட்டது. மேஜர் லீக் சாக்கர் தொடங்கியது 1996. உள்ளரங்க லீக் 1978 முதல் 1992 வரை ஓடியது. அதாவது, அது உச்சத்துக்கு ஏறிய ஆண்டுகளில் நாஸலும் உயிரோடுதான் இருந்தது. வெற்றிடத்தை அடைக்க வந்தது என்றால் வெற்றிடம் வருவதற்கு முன்பே எப்படிக் கூட்டம் வந்தது? 1984இல் தொடங்கிய மில்வாக்கி வேவ் அணி இன்றும் ஆடுகிறது. அமெரிக்காவில் இடைவிடாமல் தொடரும் தொழில்முறைக் கால்பந்து அணிகளில் மிகப் பழையது அதுதான். பதிலி இவ்வளவு நாள் உயிர்வாழாது.

கண்ணாடித் தடுப்பு எழுதியது:

உயிர்வாழ்வது வேறு, வாழ்வது வேறு. பதினேழாயிரம் எங்கே, இன்றைய கூட்டம் எங்கே?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கண்ணாடித் தடுப்பு சொன்ன கடைசி வரியில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கான காரணம் அழகியலில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. நான் பல ஆண்டுகள் ஓர் அரங்கின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். (எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.) அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன்.

உள்ளரங்கக் கால்பந்து அணி அரங்கின் மூன்றாவது, நான்காவது குத்தகைதாரர். ஹாக்கிக்கு முதல் மரியாதை. அடுத்து கூடைப்பந்து. பிறகு இசை நிகழ்ச்சி, சர்க்கஸ், பெரிய சக்கர வண்டிகளின் சாகசக் காட்சி. மிச்சமிருக்கும் நாட்கள் கால்பந்துக்கு. ஒரு வாரம் வெள்ளி இரவு, அடுத்து மூன்று வாரம் ஒன்றுமில்லை, பிறகு திடீரென ஞாயிறு மதியம் ஒன்று, செவ்வாய் இரவு ஒன்று. எண்பதுகளில் ஓர் அணிக்குச் சொந்த ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் இருந்தன. இப்போது பன்னிரண்டு அளவில்தான். பன்னிரண்டு நாட்களை ஐந்து மாதங்களில் தூவினால் யாருக்கும் பழக்கம் படியாது. "இந்த வாரம் ஆட்டம் இருக்கிறதா?" என்று ரசிகர் தேடிப் பார்க்க வேண்டிய நிலை வந்தாலே பாதி போயிற்று.

இரண்டாவது, ஒவ்வொரு முறையும் பனித்தளத்தின்மேல் தரை விரித்து, புல் பரப்பி, மறுநாள் சுருட்ட ஆட்கூலி. அதைப் பெரும்பாலும் அணியின் கணக்கில்தான் எழுதுவார்கள். உணவு விற்பனை, வாகன நிறுத்தக் கட்டணம் இவையெல்லாம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அரங்குக்கே போகும். ஆக, இலவச டிக்கெட் கொடுத்து ஆயிரம் பேரை உள்ளே அழைத்தால் பாப்கார்ன் விற்கிறவருக்கு லாபம், அணிக்கு நட்டம். அதோடு, பணம் கொடுத்து வாங்கியவர் பக்கத்து இருக்கையில் இலவசமாக வந்தவரைப் பார்த்துவிட்டால் அடுத்த பருவத்துக்குப் புதுப்பிக்க மாட்டார். இதை நான் எண்களாகவே பார்த்திருக்கிறேன்.

யூட்டிகா என்ற ஊரைக் கவனியுங்கள். நியூயார்க் மாநிலத்தில் சிறிய நகரம். 2018இல் சிரக்யூஸ் அணியை அங்கே பெயர்த்து, யூட்டிகா சிட்டி எஃப்சி என்று பெயர் மாற்றினார்கள். அதில் உள்ளூர் ஹாக்கி அணியின் தலைவர் ராபர்ட் எஷ் பங்காளி. ஹாக்கிக்கு டிக்கெட் விற்கும் அதே ஆட்கள், அதே அரங்கம், அதே விளம்பரதாரர்கள். நாட்களுக்காக யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. அதுமட்டுமல்ல, அந்த ஊரில் போஸ்னியர்களும் பர்மாவின் கரேன் மக்களும் அகதிகளாக வந்து குடியேறியிருக்கிறார்கள். கால்பந்து என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லாத மக்கள். உங்கள் நிர்வாகி "இந்தியர்கள்" என்று யோசிப்பதற்கு முன்னால், தன் ஊரில் யார் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பந்து உதைக்கிறார்கள் என்று ஒரு சுற்று வந்து பார்க்கட்டும்.

வியாசை இடதுகால் எழுதியது:

சென்னையிலிருந்து ஒரு குரல். 2016 ஜூலையில் பிரீமியர் ஃபுட்சால் வந்தபோது நேரு உள்விளையாட்டரங்கில் போய்ப் பார்த்தவன் நான். (ஃபுட்சாலுக்குச் சுவர் கிடையாது, கோடுதான் எல்லை, பந்தும் அதிகம் துள்ளாது. நீங்கள் பேசும் அமெரிக்க ஆட்டம் வேறு என்பது தெரியும். விற்கும் சிக்கல் ஒன்றேதான்.)

என்னென்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? மும்பைக்கு ரயன் கிக்ஸ், பெங்களூருக்கு பால் ஸ்கோல்ஸ், கொல்கத்தாவுக்கு க்ரெஸ்போ, கோவாவுக்கு ரொனால்டினோ, கொச்சிக்கு சல்காடோ. லூயிஸ் ஃபிகோ தலைவர். விராட் கோலி தூதர். பாட்டு ஏ.ஆர்.ரஹ்மான். எங்கள் சென்னை அணிக்கு ஃபால்காவோ. பிரேசிலின் ஃபுட்சால் மன்னர். அந்த மனிதர் பந்தை உள்ளங்காலால் உருட்டுவதை நேரில் பார்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மொத்தப் போட்டியும் சென்னை, கோவா இரண்டிலுமாக ஏறத்தாழ பத்து நாட்களில் முடிந்துவிட்டது. "சென்னை அணி" என்று சொல்லிக்கொள்ள இந்த ஊரில் என்ன மிச்சம் இருந்தது? வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு பந்து உதைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு ஃபால்காவோவோடு ஒரு மணி நேரப் பயிற்சி கிடைத்திருந்தால் பகுதி முழுக்க அரங்கத்துக்கு வந்திருக்கும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்தப் போட்டியை அங்கீகரிக்கவில்லை என்பது தனிக்கதை. 2017இல் இரண்டாவது பருவம் நடந்தது, அதோடு சரி. கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்துவிட்டு, உள்ளே பந்தியே போடாமல் அனுப்பியது மாதிரி இருந்தது எங்களுக்கு.

வேடிக்கை என்னவென்றால், அதன்பிறகு இந்த ஊரில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானங்கள் எங்கு பார்த்தாலும் முளைத்துவிட்டன. கட்டட மாடியில்கூட வலை கட்டி, நள்ளிரவு வரை ஐந்துக்கு ஐந்து ஆடுகிறார்கள். ஆடும் கூட்டம் பெருகியிருக்கிறது. பார்க்கும் கூட்டம் இல்லை. இதற்கு யாரிடம் பதில் இருக்கிறது?

ஆறாவது ஆள் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வதே என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. பிரீமியர் ஃபுட்சால் ஓய்வுபெற்ற நட்சத்திரங்களை வாடகைக்கு எடுத்தது. கிங்ஸ் லீக் தினமும் இணையத்தில் பேசிக்கொண்டே இருக்கும் ஆட்களை அணிக்குத் தலைவராக்கியது. ஆட்டம் இல்லாத நாட்களிலும் அவர்கள் அணியைப் பற்றிப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், ஆட்டக்காரரைத் திட்டுவார்கள். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன "மூன்று வாரம் ஒன்றுமில்லை" என்ற பள்ளத்தை அதுதான் நிரப்புகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, தம்பி. கிங்ஸ் லீக் அணிகளுக்கு ஊர் கிடையாது. கேம்ப் நோவுக்கு வந்தவர்கள் இபாயின் அணி, இன்னாரின் அணி என்று வந்தார்கள். அந்தத் தலைவர் நாளை வேறு வேலைக்குப் போனால் கூட்டமும் அவர் பின்னால் போகும். குளிர்காலக் கோலின் அணிக்கு இருப்பது ஓர் ஊரும் ஓர் அரங்கமும். சொத்தே வேறாக இருக்கும்போது விற்கும் முறை மட்டும் எப்படி ஒன்றாகும்? உங்கள் யோசனையில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, ஆட்டமில்லாத நாளிலும் பேச்சு தொடர வேண்டும் என்பது. அதை ஊர் அளவில் செய்ய முடியும்.

பழைய செய்தித்தாள் எழுதியது:

ஊர் அளவில் செய்ததற்குக் கேன்சஸ் சிட்டி காமெட்ஸ் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் யாரும் சீந்தாத ஓர் அணியை 1981இல் அங்கே பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். லெய்வீக்கி சகோதரர்கள் என்று ஒரு குடும்பம். அவர்களில் டிம் லெய்வீக்கி பிற்காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய அரங்க நிறுவனங்களை நடத்தியவர், அன்று இளைஞர். புகை, லேசர் ஒளி, இருட்டில் பாட்டைப் போட்டு ஒவ்வோர் ஆட்டக்காரராக ஓடிவரச் செய்வது என்று அரங்கையே நாடக மேடையாக்கினார்கள். இன்று எல்லா விளையாட்டிலும் நடக்கிற அந்த ஆட்டக்காரர் அறிமுகத்தை அன்று பார்த்தவர்களுக்குப் புதுமை. 1983-84 பருவத்தில் சராசரியாக 15,000க்கு மேல் கூட்டம். அதே கெம்பர் அரங்கில் ஆடிய கூடைப்பந்து அணியான கிங்ஸுக்கு அந்தக் கூட்டம் கிடைக்கவில்லை. அவர்கள் 1985இல் சாக்ரமெண்டோவுக்குப் போய்விட்டார்கள்.

புகையையும் லேசரையும் மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சகோதரர்கள் பள்ளி, தேவாலயம், ரோட்டரி சங்கம் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கிக் குழு டிக்கெட் விற்றதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. டிம் லெய்வீக்கி வேலை கற்றதே எங்கள் ஸ்டீமர்ஸ் அணியில்தான், அதையும் சொல்லிவைக்கிறேன்.

டல்லாஸ் சைட்கிக்ஸ் அணியின் டாட்டுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேசில்காரர், உயரம் குறைவு. கோல் போட்டவுடன் சட்டையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்துவிடுவார். ஒவ்வொரு முறையும்! ஒரு சட்டையின் விலையில் அந்தப் பகுதியில் இருக்கும் முந்நூறு பேர் அடுத்த ஆட்டத்துக்கும் அதே இருக்கையைக் கேட்பார்கள். 1987 இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம் டகோமாவில், 21,728 பேர் முன்னிலையில். டல்லாஸ் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றது.

கண்ணாடித் தடுப்பு எழுதியது:

மறுநாளே அஸ்தமனம். 1988 கோடையில் கிளீவ்லாந்து, சிகாகோ, மினசோட்டா, உங்கள் செயின்ட் லூயிஸ் எல்லாம் கதவைச் சாத்தின. இருபத்தோராயிரம் பேர் வந்த அடுத்த ஆண்டே! இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய செய்தித்தாள் எழுதியது:

சம்பளம் என்று சொல்கிறேன். பெரிய லீக்குகளுக்கு இருந்த தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் வருமானம் இவர்களுக்கு இல்லை. வாசல் வசூலை நம்பி ஐரோப்பாவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து சம்பளத்தை ஏற்றினார்கள். அந்தக் கோடையில் சம்பள உச்சவரம்பைக் குறைக்கும் சண்டையில் லீக்கே மூடப்படும் நிலைக்குப் போய்த் திரும்பியது. கூட்டம் வந்தும் கடன் வளர்ந்தது. அதனால்தான் இன்று எவரும் பதினேழாயிரம் பேரை இலக்காக வைக்கக்கூடாது என்கிறேன். ஆறாயிரம் இருக்கைகள் உள்ள அரங்கில் ஐயாயிரம் பேர் வந்தால் அந்த அணிக்கு அது திருவிழா.

நெறியாளர்:

கிரிக்கெட்டையும் இதையும் ஒப்பிட்டுத் தொடங்கிய பதினொரு பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே உள்ளரங்கக் கால்பந்தைப் பற்றி மட்டும்.

குளிர்காலக் கோல் எழுதியது:

இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. நிர்வாகியிடம் உட்கார்ந்து பேசினேன். நாட்காட்டியைப் பற்றிக் கேட்டவுடன் பெருமூச்சு விட்டார். கணக்குப்பிள்ளை ஐயா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதுபோல் இருக்கிறதாம். அரங்கத்திடம் பேசி, எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, சனிக்கிழமை மாலைகளாகவே கேட்பதற்கு இசைந்திருக்கிறார்.

பிரபலத்தைக் கொண்டுவரும் யோசனையை அவர் இன்னும் விடவில்லை. 2019இல் சான் டியேகோ சாக்கர்ஸ் என்ற உள்ளரங்க அணி, அமெரிக்கத் தேசிய அணியின் முன்னாள் நட்சத்திரம் லேண்டன் டோனவனை ஒப்பந்தம் செய்ததைச் சொன்னார். நாடு முழுக்கச் செய்தியானதாம். எங்களுக்கு அதுபோல் ஒருவர் கிடைத்தால் என்ன என்கிறார்.

சனிக்கிழமை அம்மா சொன்னதற்கு அவரிடமிருந்து உடனே பதில் வரவில்லை. சுவரொட்டியை எடுத்துப் பார்த்தார். ஆறு பேர், கையைக் கட்டிக்கொண்டு, கறுப்புப் பின்னணி.

சனிக்கிழமை அம்மா எழுதியது:

தெரியும் எனக்கு!

வியாசை இடதுகால் எழுதியது:

டோனவன் கலிபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், சாக்கர்ஸ் அணியும் அங்கேதான். பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அவர் எங்கள் பக்கத்துப் பையன். ரொனால்டினோவைக் கோவா அணிக்கு என்று சொல்லி இறக்கியதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. உங்கள் ஊரில் பிறந்து எங்கோ ஆடி ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தால் கூப்பிடுங்கள். கல்லூரி அணியில் ஆடி, இப்போது குழாய் பழுதுபார்க்கும் வேலை செய்கிறவராக இருந்தாலும் போதும்.

ஆறாவது ஆள் எழுதியது:

நான் ஒன்று கேட்கிறேன், நிர்வாகியிடம் சொல்லுங்கள். பந்து பலகையில் பட்டு எகிறும் ஓசை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்டக்காரர் வந்து மோதும்போது முன்வரிசைக் குழந்தை அலறிச் சிரிப்பது, பெட்டிக்குள் உட்கார்ந்த ஆள் எதிரணி ரசிகரோடு வாக்குவாதம் செய்வது — இவையெல்லாம் பெரிய மைதானத்தில் கிடைக்காதவை. இவற்றைப் படம்பிடிக்கிறார்களா? அமெரிக்க உள்ளரங்க அணிகள் இணையத்தில் போடும் காணொளிகளில் முக்கால்வாசி மேலிருந்து எடுத்த கோல் காட்சிகள். மேலிருந்து பார்த்தால் எறும்பு ஓடுவதுபோல் இருக்கிறது. கண்ணாடியோடு கண்ணாடியாக ஒரு கைபேசியை வைத்தால் போதும், செலவே இல்லை.

கண்ணாடித் தடுப்பு எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டமே பிடிக்காமல் போனது. நேரில் பார்த்ததில்லை.

பழைய செய்தித்தாள் எழுதியது:

நேரில் பார்க்காமலா இத்தனை நாள் சண்டை? செயின்ட் லூயிஸ் பக்கம் வந்தால் சொல்லுங்கள். எங்களுடைய இன்றைய உள்ளரங்க அணியான ஆம்புஷ், பக்கத்து ஊரான செயின்ட் சார்ல்ஸில் ஆடுகிறது. டிக்கெட் என் செலவு, வாகன நிறுத்தக் கட்டணம் உங்கள் செலவு.

குளிர்காலக் கோல் எழுதியது:

இன்னொரு கேள்வி. எங்கள் ஊர் இந்தியச் சங்கத்திலும் நேபாளிகளின் சங்கத்திலும் பேசினேன். நேபாளி இளைஞர்கள் வாராவாரம் பள்ளி மைதானத்தில் ஆடுகிறார்கள்; ஆனால் இந்த அணி ஊரில் இருப்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இடைவேளையில் அவர்களுடைய இரண்டு அணிகளை அந்தப் புல்லில் பத்து நிமிடம் ஆடவிடலாம் என்று நிர்வாகி சொல்கிறார். ஆடுகிறவர்களின் குடும்பங்களுக்கு இலவச டிக்கெட் கொடுப்பதா, குறைந்த விலைக்கு விற்பதா என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

விற்கச் சொல்லுங்கள். ஆடுகிற பையன்களுக்கு மட்டும் இலவசம்; குடும்பத்துக்குக் குழு விலை; ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு டாலர் அவர்களுடைய சங்கத்துக்குத் திரும்பப் போகட்டும். அப்போது டிக்கெட் விற்கும் வேலையைச் சங்கமே எடுத்துச் செய்யும், உங்களுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. வாங்குகிறவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவாக வேண்டும், அடுத்த சனிக்கிழமைக்கு அழைக்க அதுதான் வழி. பத்து நிமிட ஆட்டத்தை இடைவேளையில் வைக்காமல், கதவு திறந்தவுடன் வையுங்கள். இடைவேளையில் வைத்தால் எல்லோரும் தின்பண்ட வரிசையில் நிற்பார்கள். அரங்க ஒப்பந்தத்தில் கதவு எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அரை மணி நேரம் முன்னதாகத் திறந்தால் காவலர்களுக்கான கூலி யார் கணக்கில் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.